தீராத வயிற்றுவலி

சௌந்தரபாண்டியனுக்கு வயிற்றில் ஒரு குறையும் இல்லை. நாற்பத்தோரு வருஷத்தில் அந்த வயிறு அவனை ஒருநாளும் படுத்தியதில்லை. பழைய சோறும் பச்சை மிளகாயும் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியின் அடிப்பிடித்த சாம்பாரை ஊற்றினாலும் வாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட வயிற்றின் மேல்தான் ஊரே கூடிப் பழியைப் போட்டது. முதலில் போட்டவள் அவன் பெண்டாட்டி முனீஸ்வரி.

புளியேந்தலில் போய் சௌந்தரபாண்டியன் வீடு எது என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் பிடிபடாது. தண்ணீர் திறந்துவிடுகிறவர் வீடு என்று கேட்டால் கைக்குழந்தை கூடக் காட்டும். திருச்சுழிப் பஸ் நின்று போகும் அந்தக் கரிசல் ஊரில் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டு, தெருத் தெருவாக வால்வைத் திருகித் தண்ணீர் விடுகிற பஞ்சாயத்து வேலை அவனுக்கு. அதுபோக மூன்று ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் மல்லி, பெய்யாவிட்டால் வேலிக்கருவை.

புரட்டாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவன் தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்தான். எங்கே, எப்படி என்பதெல்லாம் நமக்கு வேண்டாம், கண்ணுகளா. அதைத் தெரிந்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. மேய்ச்சலுக்கு ஆடு பத்தப் போன முனீஸ்வரி என்னவோ தோன்றிப் பாதி வழியில் திரும்பி வந்தாள். வந்ததால் அவன் பிழைத்தான். அது போதும்.

நூற்றியெட்டு வண்டியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் முனீஸ்வரி தன் காலில் செருப்பில்லாததைக் கவனித்தாள். சுவரோரம் குந்தவைத்து உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. 'என்னடா மனுஷா இப்படிச் செய்துவிட்டாய்' என்ற ஒரே கேள்வி, உரலில் இடிக்கிற மாதிரி உள்ளே இடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சின்ன மாமா வந்து சேர்ந்தார். முத்துராமலிங்கம் என்று பெயர்; சௌந்தரபாண்டியனின் அப்பாவுக்குத் தம்பி. வயது அறுபத்தெட்டு. ஊரில் யாருக்குக் கோர்ட்டு, ஸ்டேஷன் என்றாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே கிளம்புகிறவர். ஆனால் அவருக்குத் தெரிந்த சட்டமெல்லாம் அவர் மீசை கறுப்பாக இருந்த காலத்துச் சட்டம்.

"ஏத்தா முனீசு, ஆஸ்பத்திரியில இருந்து ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டாக. ஏட்டு வந்துக்கிட்டிருக்காரு. என்ன ஏதுன்னு கேட்டா வயித்து வலின்னு சொல்லிரு."

"அவுகளுக்கு வயித்து வலி இல்லையே சின்ன மாமா."

"இருக்கா இல்லையான்னு நானா கேட்டேன்? வயித்து வலி தாங்காம, என்ன செய்யிறோம்னு தெரியாம செஞ்சுட்டாகன்னு சொல்லு. கேஸு அங்கனயே படுத்துரும். இல்லன்னா முந்நூத்தி ஒம்போதாம் பிரிவு. ஒரு வருசம் உள்ள தள்ளிருவான்."

"சாகப் போன மனுசன ஜெயில்ல போடுவாகளா?"

"போடுவாக. சட்டத்துக்கு என்ன, அது செத்தவன விட்டுரும்; பொழச்சவனத்தான் புடிக்கும். அது மட்டுமில்ல. காரணம் இல்லன்னு சொன்னா, காரணம் யாருன்னு கேப்பான். வீட்டுல யாரு இருக்கா? நீதான். என்ன சொன்ன, ஏது சொன்ன, என்ன சண்டைன்னு உன்னயப் போட்டு நொங்கெடுத்துருவான்."

 முந்தின நாள்தான் முனீஸ்வரி அவனைத் திட்டியிருந்தாள். மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்து தெருவெல்லாம் சகதியாகிப்போனதற்கு, 'உக்காந்த எடத்துலயே வேர் விட்டுருவீக போல' என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்தான் கொன்றிருக்குமோ என்று காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது. 

ஏட்டு தங்கபாண்டி வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பேப்பரை விரித்துக்கொண்டு, "சொல்லும்மா, என்ன காரணம்?" என்றார்.

"வயித்து வலிங்கய்யா."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் பேனா 'தீராத' என்ற வார்த்தையை எழுதி முடித்திருந்தது.

அதோடு விட்டதா என்றால், இல்லை. ஏட்டிடம் சொன்னதையே நர்ஸிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. நர்ஸ் எழுதினதை டாக்டர் படித்தார். வலி எத்தனை வருஷமாக, சாப்பிட்ட பிறகா சாப்பிடுவதற்கு முன்னாலா, வலப்பக்கமா இடப்பக்கமா என்று கேட்டார். முனீஸ்வரி முழித்தாள். சின்ன மாமா முந்திக்கொண்டு, "அஞ்சாறு வருசமா இருக்குய்யா. சுத்திச் சுத்தி வலிக்கும்" என்றார். பாவம், அந்த டாக்டர் நல்ல பிள்ளை. "மனசுல ஏதாவது கஷ்டம் இருந்துச்சா? மனநல டாக்டர் வியாழக்கிழமை வருவாங்க, பார்க்கச் சொல்லவா?" என்று கூடக் கேட்டார்.

"அதெல்லாம் ஒரு கஷ்டமும் இல்ல. எங்க வம்சத்துலயே அந்தச் சீக்கு கிடையாது" என்று சின்ன மாமா கதவைச் சாத்திவிட்டார்.

சௌந்தரபாண்டியன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். எல்லாம் காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். வயிறு கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனாலும் இவ்வளவு வலி இருந்திருக்கிறதே என்று இளஞ்சிவப்பில் ஒரு டானிக்கும், காரம் சேர்க்கக்கூடாது என்ற உத்தரவும் கொடுத்து சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தால் ஊர் காத்திருந்தது. பொய் என்பது டவுனிலிருந்து பஸ் ஏறிக்கூட வர வேண்டியதில்லை. அது முன்னாலேயே வந்து தின்பண்டம் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும். ஒருத்தி ஓமத்தண்ணீர் கொண்டுவந்தாள். ஒருத்தி மணத்தக்காளி வற்றல் கொண்டுவந்தாள். பூசாரி கயிறு மந்திரித்துக் கொடுத்தார். பக்கத்துத் தெரு மாரிச்சாமி வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "ஏலே சௌந்தரு, வயித்து வலிக்கெல்லாம் ஒரு ஆம்பள இந்த முடிவுக்கா போவான்? எனக்குப் பத்து வருசமா மூலம். நான் என்ன செத்தா போனேன்?" என்று தன் கதையை ஒரு மணி நேரம் சொல்லி, ஓமத்தண்ணீரையும் அவரே குடித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, சின்ன மாமா ஏற்பாட்டில் பந்தல்குடியிலிருந்து குடல் தட்டுகிற மாரிக்கனி வந்தாள். விளக்கெண்ணெயைக் கையில் தேய்த்து அவன் வயிற்றில் வைத்த மாத்திரத்தில், "அட ஆமா, குடல் நல்லா ஏறிக் கிடக்கு" என்றாள்.

"எம்புட்டு ஏறியிருக்கு?" என்றார் சின்ன மாமா, கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் என்று கேட்கிற மாதிரி.

"ஒரு சாண் இருக்கும்."

ஏறாத குடலை அவள் அரை மணி நேரம் இறக்கினாள். சௌந்தரபாண்டியன் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு வயிற்றைக் கொடுத்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்கப் பார்க்க முனீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? எனக்கு வயிற்றில் ஒன்றுமில்லை, கையை எடு என்று ஒரு வார்த்தை! எவளோ வந்து எதையோ தட்டுகிறாள், கொடுத்துக்கொண்டு கிடக்கிறானே!

வால்வு திருகுகிற வேலையை அவளே பார்த்தாள். 'தண்ணி எப்ப வரும்' என்று வாசலில் குடத்தோடு வந்து நிற்பார்களே, அவர்களுக்கு எந்த வயிற்று வலியும் கணக்கில்லை. தொட்டிப் படியில் உட்கார்ந்து மோட்டார் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தது. நாலு மாதமாகவே அவன் இப்படித்தான் இந்தப் படியில் உட்கார்ந்திருந்தான். தாடி மழிக்கவில்லை. விடிய விடியத் தூங்கவில்லை. பத்தாவது படிக்கிற மகள் ஓட்டப்பந்தயத்தில் கப்பு வாங்கி வந்தபோது, அதைக் கையில் வாங்கி, எங்கே வைப்பதென்று தெரியாதவன் மாதிரி வெகுநேரம் வைத்திருந்தான். 'என்னங்க செய்யுது?' என்று கேட்டால், 'ஒண்ணுமில்ல.' மறுபடி கேட்டாலும், 'ஒண்ணுமில்ல.' சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டியிருக்கிறாள்.

திங்கட்கிழமை மத்தியானம் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். உப்புக்கல் மட்டும் போட்ட, காரம் சேராத கஞ்சி. அவன் இரண்டு வாய் குடித்துவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டான்.

"அன்னைக்கு நீ எதுக்குத் திரும்பி வந்த?"



அவன் கோபமாகக் கேட்கவில்லை. குறையாகக் கூடக் கேட்கவில்லை. அதுதான் அவளைக் கலங்கடித்தது. இந்த மனுஷன் இன்னும் திரும்பி வரவில்லை. வயிறு மட்டும்தான் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கிப்போயிற்று. டானிக்கையும் கயிற்றையும் நம்பி இன்னும் நாலு நாள் விட்டால், மறுபடி ஒருநாள் அவள் பாதி வழியில் திரும்பி வராமல் போய்விடுவாள்.

ஆஸ்பத்திரிச் சுவரில், மனக்கஷ்டத்துக்குக் கூப்பிடச் சொல்லி நூற்றிநாலு என்று ஒரு நம்பர் எழுதியிருந்ததைப் பார்த்திருந்தாள். கொல்லைப்புறத்தில், அவன் கண்ணில் படுகிற தூரத்தில் நின்றுகொண்டு போன் போட்டாள். ஒரு பெண் பேசினாள். சின்னக் குரல், ஆனால் நிதானம். முனீஸ்வரி முதலில் வயிற்று வலி என்றுதான் ஆரம்பித்தாள். பழகிப்போன நாக்கு. அப்புறம் பட்டென்று நிறுத்தி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவரைத் தனியாக விட வேண்டாம், ஆபத்தானது எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டாம், மறுபடி அப்படி நினைப்பு வருகிறதா என்று அவரிடமே நேராகக் கேளுங்கள், கேட்பதால் ஒன்றும் ஆகிவிடாது, காத்திருக்காமல் மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றாள்.

"போலீஸு புடிச்சிருமே தாயி?"

"இல்லக்கா. இப்ப அது குற்றமே கிடையாது. தாங்க முடியாத மன நெருக்கடியில இருந்திருக்காருன்னுதான் சட்டமே எடுத்துக்கும். வைத்தியம் பாத்து, மறுபடி அந்த நிலைமைக்குப் போகாம பாத்துக்க வேண்டியது அரசாங்கத்தோட பொறுப்பு."

"எப்ப இருந்து?"

"அது ஆச்சுக்கா, ஏழெட்டு வருஷம்."

முனீஸ்வரி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை முறைத்துப் பார்த்தாள். "அப்ப நான் எந்த மயித்துக்குப் பொய் சொன்னேன்?" என்று கத்தினாள்.  "என்னய மன்னிச்சிருத்தா, உன்னயச் சொல்லல" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அவள் ஒன்று நினைத்துக்கொண்டாள். ஸ்டேஷனில் வயிற்று வலி என்று எழுதியிருக்கிறது. அது அரசாங்கத்துப் பேப்பர். அந்தப் பேப்பரில் இருக்கிற வலிக்குத்தானே ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்ப்பார்கள்? ஆகவே முதலில் அதை அழிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்து வீட்டுத் தங்கத்தாயைக் கூப்பிட்டு, ஒரு கூடை வெங்காயத்தையும் புருஷனையும் அவள் முன்னால் உட்கார வைத்தாள். "மதினி, இவுக உன்கூட வெங்காயம் உரிக்கட்டும். நான் வார வரைக்கும் கண்ண எடுத்துராத" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

ஏட்டு தங்கபாண்டி மேஜையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஏட்டய்யா, அந்த வயித்து வலிய அடிச்சிருங்க."

"எந்த வயித்து வலி?"

"புளியேந்தல் சௌந்தரபாண்டியன்."

அவர் ஒரு காகிதக் கட்டைப் புரட்டினார். "அது முடிஞ்சுபோச்சேம்மா. மேல நடவடிக்கை தேவையில்லன்னு எழுதிக் கட்டியாச்சு."

"அவுகளுக்கு வயித்து வலியே கிடையாது."

"நீதான சொன்ன?"

"நான் சொன்னேன். நீங்க ஏன் எழுதுனீக?"

ஏட்டு டீயை எடுத்தார், வைத்தார். "இது நல்லா இருக்கே. நீ சொல்லுவ, நான் எழுதப்படாதா?"

"நான் சொல்றதுக்கு முன்னாடியே நீங்க எழுதிட்டீக. நான் பாத்தேன்."

அவருக்கு முகம் சுண்டியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, இருவத்தாறு வருசம் சர்வீஸு. காரணம்னு ஒண்ணு எழுதணும். வீட்டாளுக எல்லாரும் வந்து வயித்து வலிங்கிறாக. பரீச்சையில தோத்த புள்ளைக்கும் வயித்து வலி, புருசன் அடிச்சு நொந்தவளுக்கும் வயித்து வலி, கிழவனுக்கும் வயித்து வலி. கை அதுபாட்டுக்கு எழுதிருது."

"இந்த ஸ்டேஷன் எல்லையில இத்தன பேருக்கு வயித்து வலின்னா, ஒருநாளாச்சும் தண்ணிய எடுத்து டெஸ்ட்டு பண்ணுனீகளா? எம் புருசன்தான தண்ணி திறந்துவிடுறாரு, அவரயாச்சும் புடிச்சு விசாரிச்சிருக்கலாமே?"

பக்கத்து மேஜைப் பெண் போலீஸ் சிரிப்பை அடக்க முடியாமல் பைலுக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

"எங்க சின்ன மாமா முந்நூத்தி ஒம்போதுன்னு பயமுறுத்துனாக. ஒரு வருசம் உள்ளன்னாக."

"உங்க சின்ன மாமா எந்தக் காலத்துல இருக்காரு? ரெண்டாயிரத்து இருவத்திநாலு ஜூலையில புதுச் சட்டம் வந்து அந்தப் பிரிவையே தூக்கியாச்சு. அதுக்கு முன்னாலயே அத வச்சுத் தண்டிக்கப்படாதுன்னு வந்துருச்சு. இப்ப யாரு மேல கேஸு தெரியுமா? ஆபீசருகள மிரட்டிக் காரியம் சாதிக்கணும்னு கலெக்டர் ஆபீஸு முன்னால நின்னு செஞ்சா, அவுக மேலதான். உம் புருசன் யாரையாச்சும் மிரட்டுனாரா?"

"அவுகளுக்கு ஆட்டக் கூட மிரட்ட வராது."

"பெறகென்ன?"

"பெறகென்னவா? இத அன்னைக்கே ஆஸ்பத்திரியில வச்சு, 'பயப்படாத தாயி, உண்மையச் சொல்லு, கேஸு கிடையாது'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

ஏட்டு காகிதக் கட்டை ஓரமாகத் தள்ளினார். "யாரும் கேக்கலையேம்மா" என்றார். அது அவருக்கே நன்றாக இல்லை என்று முகத்தில் தெரிந்தது. "டாக்டரப் பாக்குறதுக்கு இந்தப் பேப்பரு வேண்டாம். நேரா போயி, இன்னதுன்னு சொல்லு. இதையும் மாத்தணும்னா அவரக் கூட்டிட்டு வா. அவரு வாயால சொன்னா மறு வாக்குமூலம் எழுதுறேன். உன் வாயால ரெண்டு மாதிரி எழுத முடியாது."

அவன் வாயால்! அந்த வாயைத் திறப்பதற்குத்தானே அவள் இந்தப் பாடுபடுகிறாள். வால்வைத் திருகுகிற ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போய்த் திருகினால் திறக்குமா?

வீட்டு வாசலில் சின்ன மாமா நின்றுகொண்டிருந்தார். செய்தி அவளுக்கு முன்னால் வந்திருந்தது.

"ஸ்டேஷனுக்கா போன? பொம்பள தனியா? என்ன தைரியம்!"

"முந்நூத்தி ஒம்போது செத்துப்போச்சு சின்ன மாமா. உங்களுக்குத் துட்டி சொல்லி விடல போல."

"நக்கல் பண்ணாத. மனநல டாக்டரப் பாக்கப் போறியாமே? பைத்தியக்காரப் பட்டம் கட்டப் போறியா அவனுக்கு? நாளைக்குப் பஞ்சாயத்துல வேலைய விட்டுத் தூக்குவான். மகளக் கட்டிக்குடுக்கணும், நெனப்பு இருக்கா?"

"மகளுக்கு அப்பன் இருக்கணும். அது இருக்கு நெனப்பு."

"எங்கண்ணனுக்கு நான் என்ன செஞ்சேனோ அதத்தான் இவனுக்கும் செஞ்சேன்! அன்னைக்கு நான் வயித்து வலின்னு எழுத வைக்கலன்னா பொணத்தக் குடுத்திருப்பானா? மூணு நாளு போட்டு வச்சிருப்பான்!"

சொல்லிவிட்டுத்தான் சொன்னது அவருக்கே உறைத்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

முனீஸ்வரி வாசல்படியில் அப்படியே நின்றாள். அவள் வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருஷம். மாமனார் குடல் புண்ணால் செத்தார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். வருஷா வருஷம் அவர் திதிக்குப் படையல் போடும்போது மிளகாய் சேர்க்க மாட்டார்கள். அவருக்கு வயிற்றுக்கு ஆகாது என்று. பதினெட்டு வருஷமாக அவள் கையால் காரமில்லாத குழம்பு, காரமில்லாத கூட்டு வைத்து, ருசி கூடப் பார்க்காமல் அவர் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

"அவுகளுக்கு இது தெரியுமா?" என்றாள்.

 உள்ளிருந்து, வெங்காயக் கூடைக்குப் பக்கத்திலிருந்து சௌந்தரபாண்டியன் சொன்னான்.

"தெரியும். அப்ப எனக்குப் பதினோரு வயசு. நான்தான் மொத பாத்தேன். சித்தப்பாதான், யாரு கேட்டாலும் வயித்து வலின்னு சொல்லணும்னாரு. சொன்னேன்."

வெங்காயத்தை வைத்துவிட்டு எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். தங்கத்தாய் வெங்காயத்துக்கு அழுவதா இதற்கு அழுவதா என்று தெரியாமல் இரண்டுக்குமாகச் சேர்த்து அழுதாள். முப்பது வருஷத்துக் கதையில் அவன் சொன்னது அந்த நாலு வரிதான். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை.

சாயங்காலம் முனீஸ்வரி அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். போனில் அந்தப் பெண் சொன்ன மாதிரி நேராகக் கேட்டாள். "இன்னும் அந்த நெனப்பு இருக்கா?"

சுவரைப் பார்த்தபடியே, "இருக்கு" என்றான்.

"வியாழக்கிழமை டாக்டர்ட்ட போறோம். மனசு டாக்டரு. வருவீகளா?"

"ம்."

வியாழக்கிழமை ஆறரை பஸ்ஸுக்கே கிளம்பினார்கள். சின்ன மாமாவும் வந்தார். யாரும் கூப்பிடவில்லை, துண்டு தோளில் ஏறிவிட்டது, வந்துவிட்டார். பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குகிற இடத்தில் நீளக் கூட்டம். புருஷனைத் தனியாக விட மனமில்லாமல் முனீஸ்வரி அவனோடு ஓரமாக நின்றுகொண்டு, சின்ன மாமாவை வரிசையில் நிறுத்தினாள். "மனநலம்னு கேளுங்க. மறந்துராதீக."

"எனக்கென்ன புத்தி பிசகிப்போச்சா? கேக்குறேன்."

அவர் முறை வந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து, "என்ன செய்யுது?" என்று கேட்டார்கள்.

"வயித்து வலி" என்றார் சின்ன மாமா.

வேண்டுமென்று சொல்லவில்லை, பாவம். முப்பது வருஷம் ஓடின மாடு, வண்டி கட்டினால் அதே தடத்தில்தான் போகும். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், காட்டின அறைக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். உள்ளே கூப்பிட்ட பிறகுதான், போனவாரம் குழாய் விட்ட அதே டாக்டர் உட்கார்ந்திருப்பதை முனீஸ்வரி பார்த்தாள். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. சின்ன மாமாவின் தலையில்.

"மறுபடி வந்துருச்சா வலி? படுங்க" என்று டாக்டர் சௌந்தரபாண்டியனைப் படுக்க வைத்துச் சட்டையைத் தூக்கினார். "இங்க வலிக்குதா?"

பதில் இல்லை.

"இங்க?"

முனீஸ்வரி வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டியதுதான் என்று மூச்சை இழுத்தாள். அப்போது சௌந்தரபாண்டியன் டாக்டரின் கையைப் பிடித்து, மெதுவாகத் தன் வயிற்றிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தான்.

"சார், எனக்கு வயித்து வலியே கிடையாது. ஒருநாளும் இருந்ததில்ல."

"அப்புறம் ரிப்போர்ட்ல?"

"அது இவுக சொன்னது. எங்க வீட்டுல எல்லாருக்கும் அதத்தான் சொல்லுவாக." அவன் எழுந்து உட்கார்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "எனக்கு உசுரோட இருக்கப் பிடிக்கல சார். எதுக்குன்னு தெரியல. பொண்டாட்டி நல்லவ. மக நல்லா ஓடுது. நெலத்துல ஈரம் இருக்கு. இருந்தும் பிடிக்கல. என்னய அதுக்குப் பாக்குற டாக்டர்ட்ட அனுப்புங்க."

சின்ன மாமா டாக்டருக்கு நேரே கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, தெரியாமச் சொல்லிட்டான். எழுதிராதீக. போலீஸு புடிச்சிரும்."

"எழுதத்தான் போறேன், பெரியவரே" என்றார் அந்த இளம் டாக்டர். எழுதியும் விட்டார். "போலீஸ் ஒண்ணும் செய்யாது. நீங்கதான் போனவாரமே சொல்லியிருக்கணும்." பிறகு தானே எழுந்து வந்து, சௌந்தரபாண்டியனின் தோளில் கை வைத்து, வராந்தாக் கோடியில் இருந்த பதினாலாம் நம்பர் அறை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே டாக்டர் இவாஞ்சலின் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். அவனை உள்ளே விட்டு, மற்ற இரண்டு பேரையும் வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. கதவுக்குள்ளிருந்து சௌந்தரபாண்டியனின் குரல் கேட்டது. சொற்கள் பிடிபடவில்லை; ஆனால் குரல் நிற்கவில்லை. நின்றால் அழுகைச் சத்தம் கேட்டது, மறுபடி பேச்சு ஓடியது.

"என்னத்தா பேசுறான் இம்புட்டு?" என்றார் சின்ன மாமா.

"எனக்கு என்ன தெரியும்? என்கிட்ட பதினெட்டு வருசமா 'ஒண்ணுமில்ல'ன்னு சொன்ன மனுசன்." அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவளுக்கு ஒரு வரி கிடையாது. முன்பின் தெரியாத ஒரு டாக்டரம்மாவுக்கு மூட்டை மூட்டையாக அவிழ்க்கிறான்!

முக்கால் மணி ஆனபோது, அடுத்த சீட்டு வைத்திருந்த தெரசாள் என்கிற அம்மாள் எழுந்து வந்தாள். மகனுக்கு மாத்திரை வாங்க வந்தவள்.

"ஏம்மா, உள்ள என்ன கதாகாலட்சேபமா நடக்குது? உங்க ஆளு வெளிய வருவாரா, மாட்டாரா? எனக்கு ஒன்னே காலுக்குப் பஸ்ஸு."

"எனக்குந்தான் ஒன்னே காலுக்குப் பஸ்ஸு. உக்காருங்கக்கா."

"நான் கதவத் தட்டப் போறேன்."

முனீஸ்வரி எழுந்து கதவுக்குக் குறுக்கே நின்றாள். "தட்டுனீக, பாத்துக்கங்க."

"இவ யாருடி இவ! நானும் சீக்காளிக்குத்தான மாத்திர வாங்க வந்திருக்கேன்!"

"அக்கா, அவுக இப்பத்தான் வாயத் தொறந்திருக்காக. முப்பது வருசம் கழிச்சு. கோயில்ல கும்பிட்டுக் கேக்குற மாதிரி கேக்குறேன், தட்டாதீக."

தெரசாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆனால் கண்ணைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. இன்னொரு கால் மணியில் இவள் மறுபடி எழுந்திருப்பாள் என்று முனீஸ்வரிக்குத் தெரிந்தது.

பையைத் திறந்தாள். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை எடுத்து, இலையைக் கிழித்து, பாதிக்கு மேல் வைத்துத் தெரசாளின் மடியில் வைத்தாள். மேலே இரண்டு துண்டு மாங்காய் ஊறுகாயையும் போட்டாள். சின்ன மாமா தன் பங்கு குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்கக்கா. மெதுவாச் சாப்பிடுங்க" என்றாள் முனீஸ்வரி. வாயில் சோறு இருக்கிற வரைக்குமாவது அவள் கதவைத் தட்ட மாட்டாள்.